வீட்டுக்கு ஒரு கட்டாய விடுப்பு

வீட்டை ஒழுங்குபடுத்துவது எப்படி என்று யாரைக் கேட்டாலும் முதலில் டப்பா வாங்கச் சொல்கிறார்கள். கவனிச்சிருக்கீங்களா மக்களே? வீட்டில் சாமான் அதிகமாகிவிட்டது, அதனால் அடைசல். சரி. அதற்குத் தீர்வு இன்னும் பன்னிரண்டு சாமானா? மூடி போட்டது, மூடி இல்லாதது, ஒன்றின் மேல் ஒன்று உட்காருவது, கட்டிலுக்கு அடியில் உருண்டு போவது... ரங்கநாதன் தெருவில் ஒரு நடை போய் வந்தால் ஆட்டோ நிறைய ஒழுங்கை வாங்கி வந்துவிடலாம். அடுத்த வாரம் எந்த டப்பாவுக்குள் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டியதுதான்.

டப்பாவுக்கு நான் விரோதி இல்லை. எங்க வீட்டு அலமாரியில் இன்னும் குடித்தனம் நடத்துகிற பழைய ஹார்லிக்ஸ் பாட்டில்களே அதற்குச் சாட்சி. ஆனால் என் கட்சி வேறு. குடும்பம் நடத்துகிறவர்களைச் சோர்ந்து போக வைப்பது சாமான் இல்லை, ஞாபகம். எது எங்கே, எது எப்போ, யாருக்கு என்ன ஆகாது, எது தீரப் போகிறது என்கிற அத்தனையும் ஒரே ஒரு தலைக்குள் இருக்கிறவரை, வீட்டை எவ்வளவு துடைத்து வைத்தாலும் அது எளிமையான வீடு இல்லை.

இதைச் சொன்னால் உடனே மேரி கோண்டோவைக் கொண்டு வந்து நிறுத்துவார்கள். ஜப்பான்காரர். அவருடைய புத்தகம் 2014-ல் இங்கிலீஷில் வந்து உலகம் முழுக்க விற்றது, 2019-ல் நெட்ஃப்ளிக்ஸ் தொடரும் வந்தது. ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார், மனசுக்கு சந்தோஷம் வந்தால் வைத்துக்கொள், வராவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிடு என்பது அவர் வழி. நல்ல வழிதான். எங்க வீட்டுப் பரணில் ஒரு பித்தளை அண்டா இருக்கிறது. அதைக் கையில் எடுக்கவே ரெண்டு ஆள் வேணும். அதன் விளிம்பில் வெட்டியிருப்பது என் மாமியாரின் அம்மா பெயர். அதைப் பார்த்து எனக்கு சந்தோஷம் வருதா வரலையா என்பது கேள்வியே இல்லை. அதை அனுப்பணும்னா மூன்று வீட்டு சம்மதம் வேணும், ரெண்டு நாத்தனார் உட்பட! நம்ம வீடுகளில் பாதிச் சாமான் ஒருத்தருக்குச் சொந்தமானதே கிடையாது. நாம் அதைப் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

2023 ஜனவரியில் அதே கோண்டோ, மூணாவது குழந்தை பிறந்த பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு விட்டுவிட்டேன் என்று சொன்னார். ஆளாளுக்குக் கிண்டல் பண்ணினார்கள். எனக்கென்னவோ அந்தம்மா மேல மரியாதை கூடினதே அன்னிக்குத்தான்.

சரி, விஷயத்துக்கு வரேன்.

ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை, காலை ஆறே முக்கால். அடுப்பில் சாம்பார் கொதிக்கிறது, கை கரண்டியில். பார்க்கிறவர்களுக்கு ஒரு பொம்பளை சாம்பார் வைக்கிறாள். தலைக்குள்ளே ஓடுவது இது: மாவு இன்னையோட தீருது, இப்பவே அரிசி போட்டாத்தான் சாயங்காலம் அரைக்க முடியும். நாளைக்கு ஒன்பது மணியிலிருந்து பராமரிப்புக்காக மின்தடை, அதுக்குள்ள மேல்தொட்டிக்குத் தண்ணி ஏத்தணும். கரண்ட் ரீடிங் எடுத்துட்டுப் போய் ரெண்டு வாரம் ஆச்சு, கடைசித் தேதி வருது. அத்தைக்குத் தைராய்டு மாத்திரை நாலுதான் பாக்கி. வேலைக்கு வர்ற அக்கா வியாழக்கிழமை லீவு கேட்டிருக்காங்க. வெள்ளிக்கிழமை அமாவாசை, வெங்காயம் பூண்டு கிடையாது, வாழைக்காய் வாங்கணும். ஞாயித்துக்கிழமை நிச்சயதார்த்தம், அவங்க நம்ம வீட்டு விசேஷத்துக்கு என்ன செஞ்சாங்கன்னு மொய் நோட்டைப் பார்க்கணும். சிலிண்டர் மாத்தி ஒரு மாசம் ஆயிடுச்சு. சொத்து வரியைச் சீக்கிரம் கட்டினா அஞ்சு சதவீதம் தள்ளுபடி. பெரியவனுக்கு செருப்பு. சாம்பாருக்கு உப்பு போட்டேனா?

இதில் ஒவ்வொன்றும் ரெண்டு நிமிஷ வேலை. மின்கட்டணம் போனிலேயே கட்டலாம், மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கிறார்கள். கஷ்டம் வேலையில் இல்லை. இது எதையும் எதோட முடிச்சுப் போடணும் என்று தெரிந்திருப்பதில் இருக்கிறது. மின்தடைக்கும் மாவுக்கும் சம்பந்தம் உண்டு, அக்கா லீவுக்கும் அமாவாசைக்கும் சம்பந்தம் உண்டு. அந்தச் சம்பந்தம் எந்த டப்பாவிலும் லேபிள் ஒட்டி இருக்காது.

இதற்கு வீட்டில் மற்றவர்கள் சொல்கிற பதில் எல்லாருக்கும் மனப்பாடம். "சொன்னா செய்யப் போறேன்." ரங்கமணிகளின் தேசிய கீதம் இது :-) எம்மா என்கிற பிரெஞ்சு ஓவியர் 2017-ல் இதையே ஒரு சித்திரக்கதையாகப் போட்டார். தலைப்பே கிட்டத்தட்ட 'சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே' என்பதுதான். உலகம் பூரா பெண்கள் அதைப் படித்துவிட்டு, இது எங்க வீட்டுக் கதை ஆச்சே என்றார்கள். அவர் சொன்ன விஷயம் ரொம்ப எளிது. சொன்னால் செய்கிறேன் என்கிறவர் தன்னை வேலையாளாக வைத்துக்கொள்கிறார், எதிராளியை மேனேஜராக ஆக்கிவிடுகிறார். மேனேஜர் வேலையும் பார்த்து, பாதி வேலையாள் வேலையும் பார்த்தால் என்ன ஆவது?

நம்ம நாட்டுக் கணக்கையும் பார்த்துவிடலாம். மத்திய அரசு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு என்று ஒன்று நடத்துகிறது. 2019-ல் வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு ஒரு நாளில் செலவழித்தது சராசரியாக 299 நிமிஷம், ஆண் 97 நிமிஷம். 2024-ல் அது 289-ம் 88-ம் ஆனது. ரெண்டு பேருக்குமே குறைந்திருக்கிறது, வித்தியாசம் அப்படியே நிற்கிறது. இன்னொன்று: இந்த 88 கூட வேலை செய்ததாகச் சொன்ன ஆண்களின் சராசரிதான். அந்தப் பக்கமே போகாதவர்கள் இதில் சேர்த்தி இல்லை. சாம்பார் கொதிக்கும்போது ஓடுகிற நினைப்பை எந்தக் கட்டத்தில் எழுதுவது? சாம்பார் என்ற கட்டத்தில்தான் போகும்.

வீட்டு வேலையை எளிதாக்க மூளையைக் கசக்கியவர்கள் இல்லாமல் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த கதை ஒன்று இருக்கிறது. ஆஸ்திரியாவில் மார்கரெட்டே ஷூட்டெ லிஹோட்ஸ்கி என்று ஒரு பெண் கட்டடக் கலைஞர். 1926-ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரம் தொழிலாளர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகளுக்கு ஒரு சமையலறை வடிவமைத்தார். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி இருக்குமே, அதில் அத்தனூண்டு இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று பார்த்து, எட்டி எடுக்கிற தூரம், நடக்கிற தூரம் எல்லாம் அளந்து போட்ட திட்டம். அகலம் ஆறடி சொச்சம், நீளம் பதினோரு அடி. அரிசி, மாவு, சர்க்கரைக்கெல்லாம் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். நம்ம அஞ்சறைப் பெட்டியைச் சுவரில் மாட்டின மாதிரி. பத்தாயிரம் வீடு வாக்கில் இதே சமையலறை வந்தது. இன்றைக்கு மாடுலர் கிச்சன் என்று லட்சக்கணக்கில் செலவழித்துப் போடுகிறோமே, அதற்கெல்லாம் பாட்டி இதுதான். (அதை வடிவமைக்கிற வரைக்கும் அந்தம்மா சமைத்ததே இல்லையாம். பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். இருந்தாலும் நம்ம வீட்டு அடுப்படிகளை வரைந்த என்ஜினியர்களை விட நூறு மடங்கு தேவலை. இங்கே சிங்க் ஒரு மூலை, அடுப்பு ஒரு மூலை, ஃப்ரிட்ஜ் ஹாலில்.)

ஆனால் அந்தச் சமையலறைக்குப் பிற்பாடு ஒரு விமரிசனம் வந்தது. ஒருத்தர் வேலை செய்வதற்குக் கச்சிதம், ரெண்டாவது ஆள் உள்ளே நுழைய இடமில்லை. எல்லாம் அந்த ஒருத்தி கைக்கு எட்டும்படி இருந்ததால், அந்த ஒருத்தியைத் தவிர யாருக்கும் அங்கே வேலை இல்லாமல் போனது.

நான் டப்பாக்களைச் சந்தேகப்படுவது இதனால்தான். ஒருத்தர் கைக்கு மட்டும் வசதியாக ஒழுங்குபடுத்தினால், அந்த ஒருத்தர் இன்னும் கெட்டியாக மாட்டிக்கொள்வார்.

இப்போ என் ஆபீஸ் கதைக்கு வரேன். நான் ஒரு வங்கியில் குப்பை கொட்டுகிறேன் என்பது இந்தப் பக்கம் வருகிறவர்களுக்குத் தெரியும். வங்கிகளில் கட்டாய விடுப்பு என்று ஒன்று உண்டு. 2021 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை விட்டு அதை இன்னும் இறுக்கியது. பணம், கருவூலம் மாதிரி முக்கியமான இடங்களில் இருப்பவர்களை வருஷத்துக்கு ஒரு தடவை, தொடர்ந்து குறைந்தது பத்து வேலை நாள், முன்கூட்டியே சொல்லாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும். அந்தப் பத்து நாளும் அலுவலக மின்னஞ்சலைத் தவிர வேலை சம்பந்தமான எதையும் அவர் தொடக்கூடாது. மோசடி ஏதாவது நடந்தால் வெளியே வரட்டும் என்பதுதான் நோக்கம். ஆள் தினமும் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருந்தால்தான் பல தில்லுமுல்லு நிற்கும், பத்து நாள் வேறொருத்தர் உட்கார்ந்தால் பல்லிளித்துவிடும்.

இதில் பக்கவாட்டாக ஒரு நல்லது நடக்கிறது. என்றைக்கு வேண்டுமானாலும் எழுப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால், எல்லா வேலையும் எழுதித்தான் இருக்கும். எந்த ரிப்போர்ட் எந்தத் தேதிக்கு, எந்தச் சாவி யாரிடம், எந்தக் கணக்கு பாதியில் நிற்கிறது என்று அடுத்தவர் வந்து உட்கார்ந்தால் எடுத்து ஓட்டிவிடலாம். அங்கே யாரும் "அவங்க வந்தாத்தான் தெரியும்" என்று சொல்வதில்லை.

2022-ல் ஒரு புதன்கிழமை சாயங்காலம், நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம் மேடம் என்று சொன்னார்கள். எனக்கா, ஒரே குஷி. அன்றிரவே திருச்சிக்குப் பஸ் ஏறிவிட்டேன், அம்மா வீட்டுக்கு. பன்னிரண்டு நாள். ஆபீஸிலிருந்து ஒரு போன் கூட இல்லை, வரவும் கூடாது. வீட்டிலிருந்து முதல் நாள் மட்டும் பத்தொன்பது போன். தங்கச்சி சாக்பீஸை வைத்துச் சுவரில் கோடு போட்டு எண்ணினாள், அதனால் எண்ணிக்கையில் தப்பில்லை.

"துவரம் பருப்பு எங்க?" "மிக்ஸி மூடி எது?" "அம்மா, டென்த் எக்ஸாம் பீஸ் கட்டியாச்சா?" "மோட்டார் எவ்வளவு நேரம் ஓடணும்?" "அம்மா ஏதோ வெள்ளை மாத்திரைங்கறாங்க, எந்த வெள்ளை?" கடைசிக் கேள்வியைக் கவனிங்க. ஒரே அட்டைப்பெட்டியில் மூணு வெள்ளை மாத்திரை. ஒன்று வெறும் வயிற்றில், ஒன்று சாப்பிட்டதும், ஒன்று ரத்த அழுத்தத்துக்கு ராத்திரி. பெட்டி வாங்கினது, நாள் வாரியாகப் பிரித்தது எல்லாம் சரி. எது எது என்பது என் தலையில் இருந்தது. போன் எடுக்க முடியாத இடத்தில் நான் இருந்திருந்தால்? காவிரியில் குளிக்கப் போனவள் காலை உடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடந்திருந்தால்?

அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டை உண்மையில் நடத்தியது யாரு தெரியுமா? வேலைக்கு வருகிற அக்கா. மிளகாய்ப் பொடி எங்கே, எந்தக் குழாய் ஒழுகும், பால்காரரிடம் எத்தனை டோக்கன் பாக்கி என்று எல்லாம் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. இருபது வருஷமாக அந்த வீட்டில் வசிக்கிற ரங்கமணி, ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் வந்து போகிறவரிடம் விவரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவங்க வீட்டில் யார் தலையில் எல்லாம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டா சிரிப்பாங்க.

திரும்பி வந்ததும் ஒரு இருநூறு பக்க நோட்டு போட்டோம். இதில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். நான் எழுத மாட்டேன். தெரிந்தவர் எழுதினால், தனக்குத் தெரிந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொண்டு முக்கியமானதை விட்டுவிடுவார். தெரியாதவர் கேட்டு எழுதினால்தான் ஓட்டை தெரியும். ரங்கமணி எழுதினார், பெண் படம் போட்டாள். மோட்டார் சுவிட்சுக்குப் படம், கேஸ் வால்வுக்குப் படம், மூணு வெள்ளை மாத்திரைக்கும் பக்கத்தில் நிஜ அட்டையைக் கத்தரித்து ஒட்டியது.

இதில் நான் எதிர்பார்க்காத வேடிக்கை ஒன்று நடந்தது. 'காலை' என்று தலைப்புப் போட்டு ஆரம்பித்தார். ரெண்டரைப் பக்கம் போச்சு. அத்தைக்குச் சர்க்கரை இல்லாத காபி ஐந்தரைக்கு, தனக்கு டீ ஆறேகாலுக்கு, பெண்ணுக்குப் பால், எனக்கு டிக்காஷன் தூக்கலாக ஒரு காபி. பெண்ணுக்குத் தோசை, அவருக்கு இட்லி, அத்தைக்குக் கஞ்சி. அவரவர் டப்பாவுக்கு வேற வேற. எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை மூடிவிட்டு, "ஏம்மா, இது என்ன தினம் கல்யாண சமையலா?" என்றார். பதினெட்டு வருஷமா தினம் அதைச் சாப்பிட்டவர்!

அன்றைக்கே காலை டிபன் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று ஆனது, அத்தையின் கஞ்சி மட்டும் விதிவிலக்கு. அப்படியே ஒவ்வொன்றாகக் கழன்றது. மூணு வங்கியில் ஐந்து கணக்கு ரெண்டாகச் சுருங்கியது. யாரும் படிக்காத ஒரு வாரப் பத்திரிகை நின்றது. மளிகைக் கடைக்கும், இன்னொரு மளிகைக் கடைக்கும், கைப்பேசி ஆர்டருக்கும் தனித்தனியாக இருந்த சீட்டு ஒன்றானது. இதையெல்லாம் நான் பல வருஷம் வாயால் சொல்லி நடக்காதது. சிக்கல் என் தலைக்குள் இருந்தவரை மற்றவர்களுக்கு அது சிக்கலாகவே தெரியவில்லை. அவங்களைப் பொறுத்தவரை காலையில் டிபன் வரும், அவ்வளவுதான். சூரியன் வருகிற மாதிரி.

ஆப் இருக்கே, வாட்ஸப்பில் குடும்பக் குழு இருக்கே என்பவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அதில் ரிமைண்டர் போடறது யாரு? சரி, மேலே போவோம்.

இதுவரை படித்த ரங்கமணிகள் கோபப்படுவதற்குள் மறுபாதியைச் சொல்லிவிடுகிறேன். அடுப்படி பெண்கள் தலையில் என்றால், பணமும் பத்திரமும் பெரும்பாலான வீட்டில் ஆண்கள் தலையில். என் பெரியம்மா பெண், எனக்கு அக்கா முறை. அவள் வீட்டுக்காரர் மாதிரி ஒழுங்கான மனுஷரைப் பார்க்கவே முடியாது. பீரோவில் கலர் கலராக ஃபைல், ஒவ்வொன்றிலும் அவரே கண்டுபிடித்த சங்கேதக் குறிப்பு. 'மா-3', 'எஸ்-பழையது' என்று. 2021 மே மாதம், கொரோனா ரெண்டாவது அலை, ஒன்பதே நாள். போய்விட்டார்.

அக்கா அந்த ஃபைல்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. எல்லாம் இருக்கு, ஒன்றும் புரியவில்லை. எந்தப் பாலிசி உயிரோடு இருக்கு, எது முதிர்ந்துவிட்டது, 'மா' என்றால் மாமியாரா, மாம்பலம் கிளையா? கைப்பேசிக்குப் பூட்டு எண் தெரியாது. ஓடிபி எல்லாம் அந்தப் போனுக்குத்தான் வரும். ரீசார்ஜ் தீர்ந்து அந்த எண்ணும் போச்சு. வாரிசுச் சான்றிதழ் வாங்கி, ஒவ்வொரு இடமாக அலைந்து முடிக்க ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. துக்கப்படக்கூட அவளுக்கு நேரம் இல்லை. அவர் கவனக்குறைவான மனுஷர் இல்லை என்பதுதான் இதில் கொடுமை. ரொம்ப ஒழுங்கானவர், தனக்கு மட்டும்.

கவுண்டரில் உட்கார்ந்து இதை அடிக்கடி பார்க்கிறேன். "எங்க வீட்டுக்காரர் இந்த பேங்க்ல ஏதாவது போட்டு வெச்சிருந்தாரான்னு பார்க்க முடியுமா மேடம்?" என்று ஒரு மஞ்சள் பையோடு வந்து நிற்பார்கள். பத்து வருஷம் யாரும் தொடாத டெபாசிட் ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் கடைசியில் அதில் சேர்ந்து கிடந்தது 78,213 கோடி ரூபாய். அத்தனையும் இறந்தவர் பணம் இல்லை, ஊர் மாறி மறந்ததும் உண்டு. ஆனால் அதில் ஒரு பங்கு யாரோ ஒருத்தர் தலைக்குள் இருந்து, அந்தத் தலையோடு போனது. 2023 ஆகஸ்டிலிருந்து 'உத்கம்' என்று ரிசர்வ் வங்கியின் வலைத்தளம் இருக்கிறது. பெயரையும், பான் எண் மாதிரி ஒரு அடையாளத்தையும் கொடுத்துத் தேடலாம். தேடிக் கிடைத்தால் சம்பந்தப்பட்ட வங்கியில் போய்க் கேட்டு வாங்கலாம், பணம் எங்கேயும் ஓடிவிடாது. 2025 நவம்பரிலிருந்து ஒரு வங்கிக் கணக்குக்கு நாலு பேர் வரை நாமினி போடலாம். பழைய கணக்குகளில் இன்னும் அப்பா பெயரே நாமினியாக இருந்தால், அப்பாவும் இல்லை என்றால், தயவுசெய்து இந்த வாரமே மாற்றிவிடுங்க. இது ஒரு படிவம், பத்து நிமிஷம்.

எங்க நோட்டில் ரங்கமணியின் பக்கங்களை நான் எழுதினேன், அதே விதிப்படி. பாஸ்வேர்டு எதுவும் நோட்டில் கிடையாது. அது தனியாக, ஒட்டின கவரில், எங்கே என்பது ரெண்டு பேருக்கும் தெரியும்.

இதற்கு நிஜமான எதிர்ப்பு வந்தது ரங்கமணியிடமிருந்து இல்லை. அத்தையிடமிருந்து. அத்தைக்கு எண்பது நெருங்குகிறது. ஊறுகாய்க் கணக்கு, எந்தத் திதிக்கு யாருக்குப் படையல், யார் வீட்டுக்கு என்ன சீர் என்பதெல்லாம் அவங்க இலாகா. பெண் நோட்டை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தபோது ரெண்டு நாள் பிடி கொடுக்கவில்லை. மூணாவது நாள், "எல்லாத்தையும் எழுதி வெச்சுட்டா அப்புறம் நான் எதுக்குடி?" என்றார்.

நான் சிரிக்கவில்லை. அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் காலத்தில் மாமியார் இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். பூட்டு என்னவோ அரிசி அறைக்குத்தான், ஆனால் அந்தச் சத்தம் வீடு பூரா கேட்கும். அறுபது வருஷம் சம்பளமில்லாமல் உழைத்தவருக்கு, நீ இல்லாட்டி இந்த வீடு ஓடாது என்கிற பேச்சு ஒன்றுதான் கூலி. அதையும் எழுதி வாங்கிக்கொண்டு போனால் அவங்க கையில் என்ன மிச்சம்? நம்மில் எத்தனை பேர் "நான் ரெண்டு நாள் இல்லேன்னா தெரியும்" என்று சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு ருசியோடு சொல்கிறோம்! ஆனால் அந்தக் கூலியை வைத்து ஒரு நாள் கூட லீவு எடுக்க முடியாது. அத்தை அவங்க அம்மா சாகக் கிடந்தபோது கூட ரெண்டு ராத்திரிக்கு மேல் தங்கவில்லை. வீடு கிடக்குன்னு ஓடி வந்தாங்களாம். அதை இன்னிக்கும் சொல்லி அழுவாங்க. என் பெண்ணுக்கு அந்தப் பெருமை வேண்டாம் என்பது என் தீர்மானம்.

பேத்தி கேட்டால் மனசு இளகாமலா போகும், ஒரு வழியாகச் சொன்னார். ஊறுகாய்ப் பக்கம் பெண்ணின் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: 'மாங்காய் 25, உப்பு ஒரு படி, வெயில் நாலு நாள் (பாட்டி பார்த்துவிட்டு ஐந்து என்றால் ஐந்து).'

இந்த வருஷக் கட்டாய விடுப்பு எனக்கு இன்னும் வரவில்லை. எப்போ வேணா சொல்லுவாங்க. பை ரெடி. போன தடவை பன்னிரண்டு நாளுக்கு மொத்தம் நாலே போன், அதில் ரெண்டு சும்மா பேச. நோட்டில் இன்னும் தகராறில் இருப்பது இட்லி மாவுப் பக்கம்தான். 'உப்பு தேவையான அளவு' என்று நான் சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்தில் ரங்கமணி சிவப்பு மையில் 'யாருக்குத் தேவையான?' என்று போட்டு வைத்திருக்கிறார்.